ஜெர்மன், பாரசீகம், கிரேக்கம்: மூன்றையும் சேர்த்துப் படிக்க நினைப்பவருக்கு

திருக்கோவிலூரில் பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை, "ஜெர்மனும் பாரசீகமும் கிரேக்கமும் படிக்கப்போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் முதலில் எழும் கேள்வி "எதற்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்குத் தெளிவான பதிலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இந்த மூன்றில் இறங்க வேண்டாம். எங்கே சேருவது, எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பதில் உங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறது. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் ஒரு தமிழி கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. சதியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த குகைத்தளத்தைச் சொல்லும் கல்வெட்டு அது. அதுவரை அசோகரின் கட்டளைகளில் வரும் 'சதியபுத்திரர்' யார் என்று அறிஞர்கள் பலவிதமாக ஊகித்துக்கொண்டிருந்தார்கள். அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைச் சொல்லி, அதே மூச்சில் ஆண்டியோகன் என்ற கிரேக்க அரசனையும் சொல்கிறது. அதே அசோகர் ஆப்கானிஸ்தானில் காந்தகாரில் கிரேக்க மொழியிலேயே கட்டளை பொறித்தார். அங்கே 1958இல் கிடைத்த கல்வெட்டு கிரேக்கத்திலும், பாரசீகப் பேரரசு தன் நிர்வாகத்துக்குப் பயன்படுத்திய அரமேய மொழியிலும் எழுதப்பட்டது. பெண்ணையாற்றங்கரையில் ஒரு பாறையைப் படித்துவிட்டுத் தொடர்ந்து போகிறவர் கிரேக்கத்தையும் பாரசீகத்தையும் தொட்டே ஆக வேண்டும்.

ஜெர்மன் எங்கே வருகிறது? முசிறித் துறைமுகத்தோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் ஒன்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பாப்பிரஸ் தாளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அது இன்று வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1985இல் அதைப் பதிப்பித்து வெளியிட்ட கட்டுரை ஜெர்மனில் எழுதப்பட்டது. சங்க காலக் கடல் வணிகத்தைப் பற்றி எழுதும் தமிழ் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதை ஆங்கிலச் சுருக்கத்தின் வழியாகவே அறிவார்கள். கிரேக்க மூலத்தையும் ஜெர்மன் கட்டுரையையும் நேரே படிக்கக்கூடிய தமிழர் ஒருவர் உருவானால், அவர் இரண்டு தலைமுறைகளுக்குப் பயன்படுவார்.

பாரசீகத்தைத் தேடி ஈரானுக்குப் போக வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்தது. அந்த தர்பாரின் எழுத்து மொழி பாரசீகம். நவாப் வாலாஜாவின் வரலாறான 'துசக்-இ-வாலாஜாஹி' பாரசீகத்தில் எழுதப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறையில் இருந்த எஸ். முகம்மது ஹுசைன் நயினார் அதை 1930களில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். செஞ்சி, திருவண்ணாமலை, திருக்கோவிலூர் என்று நாம் பஸ்ஸில் கடந்துபோகும் ஊர்களெல்லாம் கர்நாடகப் போர்களின் களங்கள். அந்தக் காலத்துப் பாரசீகச் சுவடிகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. படிக்கத்தான் ஆள் குறைவு. இன்னும் பழைய பாரசீகமும் சென்னையிலேயே உண்டு: பரங்கிமலைத் தேவாலயத்தில் 1547இல் கிடைத்த கற்சிலுவையைச் சுற்றி ஓடும் எழுத்து பஹ்லவி, அதாவது இடைக்காலப் பாரசீகம்.

இந்த மூன்று மொழிகளும் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரே ஒருவரைச் சொன்னால் போதும். 1802இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பள்ளி ஆசிரியராக இருந்த கிரோட்டஃபென்ட், பெர்சிபோலிஸ் கல்வெட்டுகளின் ஆப்பெழுத்தைப் படிக்க வழி கண்டார். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த பாரசீக அரச வம்சாவளிதான் அவர் கையில் இருந்த திறவுகோல். தந்தை அரசன், மகன் அரசன், ஆனால் பாட்டன் அரசன் அல்லன் என்ற வரிசையைக் கல்வெட்டில் தேடினார். டேரியஸ், செர்க்செஸ் பெயர்கள் பிடிபட்டன. கிரேக்கம் இல்லாமல் பழம் பாரசீகம் திறந்திருக்காது. அந்த ஆய்வுத் துறை பின்னர் வளர்ந்ததும் பெரும்பாலும் ஜெர்மனில்தான்.

சுமை எவ்வளவு

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதர்களுக்கு மொழி கற்பிக்கும் பள்ளியின் கணக்கு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசுபவர் பாரசீகத்தில் வேலை செய்யும் அளவுக்குத் தேற 44 வாரம், ஏறத்தாழ 1100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்கிறது. இன்றைய கிரேக்கத்துக்கும் அதே அளவு. ஜெர்மனுக்கு அதைவிடக் குறைவு. இது முழுநேரமும் அதையே செய்பவர்களுக்கான கணக்கு, வீட்டில் படிக்கும் நேரம் தனி. மூன்றையும் சம உயரத்துக்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் கொண்டுவருவது நடக்காத காரியம் என்பது இதிலேயே தெரிகிறது.

எனவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றையும் படிக்கலாம், ஆனால் மூன்றையும் ஒரே உயரத்துக்கு வளர்க்க முயலக் கூடாது. கரும்பு வயலில் உளுந்தை ஊடுபயிராகப் போடுகிறவர்களுக்கு இது புரியும்: எது முதன்மைப் பயிர் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வராது. பேச, எழுத, பிழைக்க ஒரு மொழி. நன்றாகப் படிக்க ஒரு மொழி. அகராதியின் துணையோடு மூலத்தைச் சரிபார்க்க ஒரு மொழி. பெரும்பாலானவர்களுக்கு இந்த வரிசை ஜெர்மன், பாரசீகம், கிரேக்கம் என்றே அமையும்.

இன்னொரு விதி இதைவிட முக்கியம். ஒரே பருவத்தில் இரண்டு மொழிகளைத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஆரம்ப நிலையில் எழுத்தும் ஒலியும் சொல்லும் எல்லாம் புதிது, ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்று நடுநிலைக்கு வந்த பிறகு அடுத்ததைத் தொடங்கினால் அந்தக் குழப்பம் பாதியாகக் குறையும்.

தமிழ் தெரிந்தவருக்கு உள்ள வசதி

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரையோ அமெரிக்கரையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவர்களுக்குக் கடினம் என்று எழுதியிருப்பதெல்லாம் நமக்கும் கடினம் அல்ல. இதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும்.

பாரசீகத்தை எடுத்துக்கொள்வோம். வாக்கியத்தின் கடைசியில் வினை வரும். பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. செயப்படுபொருளுக்குப் பின்னால் 'ரா' என்று ஒரு துணுக்கு ஒட்டும், நம் 'ஐ' உருபைப் போல. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. "புத்தகம் படித்தேன்" என்கிறோம், "புத்தகத்தைப் படித்தேன்" என்றும் சொல்கிறோம். பொதுவாகச் சொல்லும்போது 'ஐ' விட்டுப்போகலாம், இன்ன புத்தகம் என்று குறித்தால் வந்தே தீரும். பாரசீகத்தின் 'ரா'வும் அநேகமாக இப்படியே நடக்கிறது. ஆங்கிலேயருக்கு இதற்கு நான்கு பக்கம் விளக்கம் வேண்டும், நீங்கள் பேசிப் பார்த்தாலே பிடித்துக்கொள்ளலாம். 'கர்தன்' என்றால் செய்தல். 'தெலெஃபோன் கர்தன்' என்றால் போன் பண்ணுவது. எந்தப் பெயர்ச்சொல்லோடும் 'பண்ணு' சேர்த்து வினையாக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. சொற்களிலும் கையிருப்பு உண்டு. தாலுகா அலுவலகத்துக்குப் போய்வந்த எவருக்கும் தாசில்தார், சிரஸ்தார், ஜமாபந்தி, ரசீது, சிபாரிசு, பந்தோபஸ்து, குமாஸ்தா ஆகியவை தெரியும். எல்லாம் பாரசீகத்தின் வழியாக வந்தவை.

கஷ்டம் எழுத்தில்தான். வலமிருந்து இடமாக 32 எழுத்துகள், குறில் உயிர்கள் எழுதப்படுவதில்லை. மதரஸாவில் அரபு எழுத்து படித்த பிள்ளைகளுக்கு நான்கே எழுத்துகள் புதிது. மற்றவர்கள் தினமும் அரை மணி நேரம் கையால் எழுதிப் பழகினால் ஒரு மாதத்துக்குள் எழுத்து கைவரும். தட்டச்சில் தொடங்க வேண்டாம், கையால் எழுதினால்தான் கண்ணுக்குப் பழகும்.

கிரேக்க எழுத்து அதற்கு நேர்மாறு. ஆல்பா, பீட்டா, தீட்டா, சிக்மா, பை எல்லாம் கணக்கிலும் இயற்பியலிலும் ஏற்கெனவே பழகியவை, மொத்தமே 24. அங்கே சுமை இலக்கணத்தில் இருக்கிறது. பழங்கிரேக்கத்தில் மூன்று பால், ஐந்து வேற்றுமை, ஒரே வினைக்கு நூற்றுக்கணக்கில் வடிவங்கள். ஆனால் பள்ளியில் எட்டு வேற்றுமை படித்தவர் நீங்கள். வேற்றுமை என்ற கருத்தே ஆங்கிலேய மாணவரைத் தடுக்கி விழச் செய்யும், உங்களை அல்ல. கிரேக்க உரைநடையை ஓடவைப்பவை எச்சங்கள். "வந்து, கண்டு, சொல்லிவிட்டுப் போன தூதன்" என்பது போலத் தொடுத்துக்கொண்டே போவார்கள். வினையெச்சமும் பெயரெச்சமும் தாய்ப்பாலோடு வந்தவருக்கு அந்த ஓட்டம் அந்நியமாகப் படாது.

ஜெர்மனில் நான்கு வேற்றுமை, மூன்று பால். தனி வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும், சார்பு வாக்கியத்தில் கடைசிக்குப் போய்விடும். அந்தக் கடைசி இடம் நமக்குப் பழக்கம். பால் மட்டும் உதவிக்கு வராது. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால் என்பதற்குக் காரணம் தேடாமல் ஒவ்வொரு சொல்லையும் அதன் 'டேர், டீ, டாஸ்' சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

மூன்றும் ஒரே குடும்பத்து மொழிகள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தியாகக் கோடு கிழித்து இனச்சொற்களை எழுதிவாருங்கள். தாய்: முட்டர், மாதர், மேத்தேர். மகள்: டோக்டர், தொக்தர், துகாத்தேர். விண்மீன்: ஷ்டெர்ன், செத்தாரே, அஸ்தேர். கதவு: ட்யூர், தர், துரா. ஒரு மொழியில் கற்றது மற்ற இரண்டில் வட்டியாக வரும். மூன்றையும் சேர்த்துப் படிப்பதில் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான், தனித்தனியாகப் படிப்பவருக்கு இது கிடைக்காது.

எந்தக் கிரேக்கம், எந்தப் பாரசீகம்

சேரும் முன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் 'பாரசீகம்' என்றால் புதுப் பாரசீகம். சுமார் 1010இல் முடிந்த ஃபிர்தௌசியின் ஷாநாமாவை இன்றைய ஈரானியர் பெரிய சிரமமின்றிப் படிக்கிறார்கள், எனவே ஒன்றைக் கற்றால் ஆயிரம் ஆண்டு இலக்கியம் கிடைக்கும். பஹ்லவியும் பழம் பாரசீகமும் முதுகலையில்தான்.

கிரேக்கம் அப்படியல்ல. இன்று ஏதென்ஸில் பேசுவது ஒன்று, பிளேட்டோ எழுதியது ஒன்று, புதிய ஏற்பாட்டின் கொய்னே இன்னொன்று. தமிழக வரலாறுதான் உங்கள் நோக்கம் என்றால் கொய்னேயில் தொடங்குங்கள். 'செங்கடல் செலவு' என்ற பெரிப்ளஸ் நூலும் முசிறி பாப்பிரஸும் அந்தக் காலத்துக் கிரேக்கமே. சொற்றொடர் எளிது, பழகிய பின் பிளேட்டோவுக்கு ஏறலாம்.

எங்கே சேருவது

மூன்றும் ஒரே வளாகத்தில் என்று கேட்டால் இந்தியாவில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். அதன் மொழி, இலக்கிய, பண்பாட்டுப் புலத்தில் ஜெர்மனுக்கும் பாரசீகத்துக்கும் தனித்தனி மையங்கள் உண்டு, இரண்டிலும் இளங்கலை ஆனர்ஸ் உண்டு. கிரேக்கத்துக்கு 2000ஆம் ஆண்டில் திமித்ரியோஸ் கலனோஸ் பெயரில் ஓர் இருக்கை நிறுவப்பட்டது. கலனோஸ் ஏதென்ஸில் பிறந்து, 1786இல் கல்கத்தாவுக்கு வந்து, காசியில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து 1833இல் அங்கேயே மறைந்தவர். சமஸ்கிருத நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர். நேரு பல்கலைக்கழகத்தில் ஜெர்மனையோ பாரசீகத்தையோ முதன்மையாக எடுத்து, மற்றதை விருப்பப் பாடமாக்குவதே நடைமுறைக்கு உகந்த வழி. கிரேக்க வகுப்பு அந்தப் பருவத்தில் நடக்கிறதா என்று சேர்வதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். சேர்க்கை க்யூட் நுழைவுத் தேர்வு வழியாக. கட்டணம் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு.

டெல்லிக்கு அனுப்ப வீட்டில் மனமில்லை என்றால் இன்னொரு வழி. திருக்கோவிலூர் அல்லது விழுப்புரம் பக்கத்திலேயே வரலாறோ தமிழோ ஆங்கிலமோ இளங்கலை படியுங்கள். ஜெர்மனைச் சென்னை கோத்தே நிலையத்தின் (மாக்ஸ் முல்லர் பவன்) இணையவழி வகுப்பில் கற்றுத் தேர்வுக்கு மட்டும் சென்னை போய்வரலாம். சான்றிதழ் படிப்பு என்பதால் கல்லூரிப் படிப்போடு மோதாது. பட்டமே இரண்டு வேண்டுமென்றாலும் 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளை அனுமதிக்கிறது: ஒன்று நேரடி, மற்றொன்று தொலைநிலை என்று வைத்துக்கொள்ளலாம். பாரசீகத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1927 முதல் துறை இருக்கிறது. ஹைதராபாதில் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் உண்டு. கிரேக்கத்தைத் தமிழ்நாட்டில் ஒழுங்காகக் கற்பிப்பவை இறையியல் கல்லூரிகள். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரி. அங்கே பாடம் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் சீகன்பால்க் அந்தக் கிரேக்கத்திலிருந்துதான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். வெளியாரைச் சேர்ப்பார்களா என்று நேரில் போய்ப் பேசிப் பாருங்கள், முடிந்தால் பாதிரியார் ஒருவரிடம் தனியாகக் கற்பது இன்னும் நல்லது.

மூன்றாவது வழி ஜெர்மனி. அங்கே இரு பாட இளங்கலை என்றொரு முறை உண்டு. கோட்டிங்கன் போன்ற இடங்களில் ஈரானியலையும் கிரேக்க மொழியியலையும் இணைக்கலாம், பாடம் நடக்கும் மொழி ஜெர்மன். மூன்று மொழிகளும் தாமாகவே ஒன்றுசேரும் இடம் அதுதான். ஆனால் நம் பிளஸ் டூ மட்டும் நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. இங்கே ஓராண்டாவது பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும், அல்லது அங்கே ஆயத்த வகுப்பு படிக்க வேண்டும். ஜெர்மனில் சி1 என்ற உயர்நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் இல்லாமல் மாணவர் விசா கிடைக்காது. 2024 செப்டம்பர் முதல் பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஹைடல்பெர்க், டூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1500 யூரோ. இளங்கலையை இங்கே முடித்து முதுகலைக்கு அங்கே போவதுதான் நம் குடும்பங்களின் வசதிக்கு ஏற்றது என்பேன். கல்வராயன் மலைப் பழங்குடி மாணவர்கள் முதுகலை முதல் மேலே படிக்க, மத்திய அரசின் பழங்குடியினருக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஊரில் இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, தெரிந்தால் ஒருவருக்காவது சொல்லுங்கள்.

ஆண்டுகளைப் பிரிப்பது

முதலாண்டு முழுவதும் ஜெர்மன் மட்டும். டாய்ச்ச வெல்லே நிறுவனத்தின் 'நிக்கோஸ் வெக்' பாடத்தொடர் இலவசம், பி1 வரை அழைத்துப்போகும். ஆண்டு முடிவில் ஏ2 தேர்வு எழுதிவிடுங்கள். கோடை விடுமுறையில் பாரசீக எழுத்து. இரண்டாம் ஆண்டில் பாரசீகத்தைத் தொடங்கி, ஜெர்மனை பி1க்குக் கொண்டுபோங்கள். இலக்கணத்துக்கு லாம்ப்டன் அல்லது தாக்ஸ்டன், அகராதிக்கு ஸ்டைன்காஸ், கவிதைக்குக் 'கஞ்ஜூர்' இணையதளம். மூன்றாம் ஆண்டின் நடுவில் கிரேக்கம். 'பெர்சியஸ்' மின்நூலகத்தில் மூலத்தில் ஒரு சொல்லைச் சொடுக்கினால் அதன் வேற்றுமையும் பொருளும் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு நாளைக்கு நான்கு வரி படித்தால் போதும், ஐந்தாவது வரிக்கு ஆசைப்பட வேண்டாம். நேரம் நெருக்கும் வாரங்களில் கிரேக்கத்தை நிறுத்துங்கள், ஜெர்மனை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

பிழைப்பு

பெற்றோருக்கு உண்மையைச் சொல்லுங்கள். பாரசீகத்தையும் கிரேக்கத்தையும் மட்டும் வைத்து வேலை தேடினால் இடங்கள் குறைவு. பாரசீகத்துக்கு நாக்பூரில் இந்தியத் தொல்லியல் துறையின் அரபு-பாரசீகக் கல்வெட்டுப் பிரிவு, ஆவணக் காப்பகங்கள், பல்கலைக்கழகத் துறைகள் ஆகியவை உண்டு. நெட் தேர்வில் ஜெர்மனும் பாரசீகமும் பாடங்களாக இருக்கின்றன, கிரேக்கம் இல்லை. சோறு போடுவது ஜெர்மன். பி2 சான்றிதழ் இருந்தால் ஒரகடம், செங்கல்பட்டு வட்டாரத்து ஜெர்மன் வாகன நிறுவனங்கள், மொழிபெயர்ப்பு, ஜெர்மனிக்குப் போகும் செவிலியருக்கு வகுப்பெடுப்பது என்று வேலை வாய்ப்பு பரவலாக இருக்கிறது. பி2க்கு 45 நிமிடப் பாடவேளைகளில் 600 முதல் 800 வரை ஆகும் என்பது கணக்கு. வாரம் எட்டு வேளை படித்தாலும் இரண்டு ஆண்டுக்குள் முடியலாம்.

எனவே இந்த அத்தியாயத்தைப் படித்த கையோடு மூன்று புத்தகம் வாங்காதீர்கள். ஜெர்மன் ஏ1 பாடத்தை முதலில் முடியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜம்பைக்குப் போய் அந்தக் கல்வெட்டைப் பாருங்கள், வீட்டில் யாரையாவது உடன் அழைத்துப் போங்கள். "எதற்கு?" என்று கேட்டவரையே அழைத்துப்போனால் நல்லது.